கொம்பு முன்னே, எழுத்து பின்னே

பாக்ரி போகும் வழியில் இருக்கும் ஒரு தளவாடப் பட்டறையில், அலமாரிக் கதவுக்குக் கீல் வாங்க நின்றிருந்தேன். உள்ளே ஒரு பையன் பழைய பிரஷ்களை மண்ணெண்ணெயில் முக்கி அலசிக்கொண்டிருந்தான். எங்கள் ஊர் மூவாருக்கு இன்று சோறு போடும் தொழில் மரச்சாமான்தான். இங்கே செய்யும் கட்டிலும் நாற்காலியும் கப்பலேறிப் பல நாடுகளுக்குப் போகின்றன. அதனால் ஊரில் பலருக்கு அந்த மண்ணெண்ணெய் வாடை பட்டறையின் வாடை. எனக்கு மட்டும் அது ஈய எழுத்துகளின் வாடை. அச்சடித்து முடித்ததும் எழுத்தின் முகத்தில் ஒட்டியிருக்கும் மையை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்துத்தான் திரும்ப எழுத்துக் கேஸில் போடுவார்கள்.

ஆற்றங்கரைக்கு அருகே ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்த அச்சகம். அஞ்சடியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிடும். அதை நடத்தியவரை எல்லாரும் ஐயா என்றே கூப்பிட்டார்கள். இளவயதில் சிங்கப்பூரில் அச்சுக்கோத்துப் பழகியவர். தோட்டத்துக் கோயில் திருவிழா வரும்போதெல்லாம் அப்பா நோட்டீஸ் அடிக்கக் கையெழுத்துப் படியோடு அங்கே வருவார். நான் கூடவே ஒட்டிக்கொள்வேன். அப்பாவுக்குப் பேச்சு முக்கியம். எனக்கு ஐயாவின் கைதான் முக்கியம். இடக்கையில் எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைப் பிடித்தபடி வலக்கை கேஸின் அறைகளுக்குள் போய்ப் போய் வரும். கண் கையெழுத்துப் படியை விட்டு அகலாது. எழுத்துகள் தலைகீழாக ஸ்டிக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒருநாள் ‘கெ’ என்ற எழுத்தைத் தேடி எல்லா அறையையும் பார்த்தேன். இல்லை.

“கெ எங்கே ஐயா?”

“கெ-ன்னு தனியா எழுத்து கிடையாது தம்பி. இந்தா, ஒத்தக் கொம்பு. இந்தா, க. கொம்பு முன்னால, எழுத்து பின்னால. ரெண்டையும் பக்கத்துல வச்சா கெ.”

“கோ?”

“இரட்டைக் கொம்பு, க, கால். மூணு காய்.”

ஈய எழுத்தை அவர் காய் என்றுதான் சொல்வார். லை, ளை, ணை, னை ஆகியவற்றுக்கு மட்டும் துதிக்கை தூக்கிய பழைய வடிவத்தில் தனிக் காய்கள் வைத்திருந்தார். தமிழ்நாட்டு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று அவற்றை விட்ட பிறகும், ஐயா அந்தக் காய்களை உருக்கப் போடவில்லை. பழைய ஆள்கள் வாசிக்கப் பழகிய வடிவம், அவர்கள் இருக்கும்வரை இருக்கட்டும் என்பார்.

பள்ளியில் நாங்களும் கொம்பை முன்னால் போட்டுத்தான் எழுதினோம். வாய் ‘கெ’ என்று சொல்லும்போது ‘க்’ முதலில் வருகிறது, ‘எ’ அடுத்து வருகிறது. கை மட்டும் கொம்பை முதலில் போட்டுவிட்டு அப்புறம் ‘க’வைப் போடுகிறது. எங்களில் எவரும் இதை ஒரு முரணாக உணர்ந்ததில்லை. கைக்கு ஒரு வரிசை, வாய்க்கு ஒரு வரிசை என்று இரண்டும் சண்டையில்லாமல் வாழ்ந்து வந்தன. பல ஆண்டுகள் கழித்துக் கணினி வந்துதான் இரண்டில் எது என்று கேட்டது.

அப்பா கொண்டுபோன தாள்களில் எல்லாரும் காத்திருந்து படித்தது நன்கொடைப் பட்டியலைத்தான். கும்பாபிஷேக மலர் என்றால் முன்பக்கங்களில் வாழ்த்துரைகள், நடுவில் தலபுராணம், கடைசியில் பத்துப் பதினைந்து பக்கம் பெயர்கள். லனாட்ரான், பாகோ, பஞ்சோர், புக்கிட் பாசிர், அப்போது மூவார் மாவட்டத்துக்குள்ளேயே இருந்த தங்காக் என்று தோட்டம் தோட்டமாக, ஊர் ஊராக அடுக்கியிருப்பார்கள். 5 வெள்ளி கொடுத்தவர் பெயரும் இருக்கும், 501 வெள்ளி கொடுத்தவர் பெயரும் இருக்கும். செக்ரோல் புத்தகத்தில் தோட்டக் கிராணி எழுதும் பெயர் சம்பளத்துக்கானது. அது புத்தகத்தோடு ஆபீஸ் பெட்டிக்குள் போய்விடும். மலரில் வந்த பெயரோ வீட்டுச் சாமி மாடத்தில் நிற்கும். பால்மரம் வெட்டிய எத்தனையோ பேருடைய பெயர் தமிழ் எழுத்தில் அச்சேறியது அந்த ஒரு இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன். இன்று அந்தத் தோட்டங்களில் பலவற்றில் லயன்கள் இல்லை, ஆள்கள் இல்லை. செம்பனை நிற்கிறது. பட்டியல்கள் மட்டும் மிச்சம்.

ஐயாவின் அச்சகத்துக்கும் கணினி வந்தது. எழுத்துக் கேஸ்கள் பின்கட்டுக்குப் போயின, தட்டெழுத்து பழகிய ஒரு தங்கை திரைக்கு முன் உட்கார்ந்தாள். மலேசியாவில் தமிழைக் கணினிக்குள் கொண்டுவந்த கதையில் முத்து நெடுமாறனின் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கவிஞர் முரசு நெடுமாறனின் மகன். அவர் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளில்தான் எங்கள் தலைமுறை திரையில் தமிழ் பார்த்தது. ஆனால் அக்காலத்தில் எழுத்துரு செய்தவர்கள் பலர், ஆளுக்கொரு குறியாக்கம். திஸ்கி என்று ஒன்று, தமிழ்நாட்டில் டாம், டாப் என்று இரண்டு, இலங்கைத் தமிழர் கொண்டுவந்த பாமினி. பாமினியில் ‘தமிழ்’ என்று தெரியும் சொல்லுக்குள்ளே உண்மையில் இருப்பவை ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்தும்தான் தெரியும்.

இத்தனை வேறுபாட்டிலும் ஒரு விஷயத்தில் இவை எல்லாம் ஒன்று. ஐயாவின் ஸ்டிக்கில் ஏறிய அதே வரிசையில்தான் எழுத்தைச் சேமித்தன: கொம்பு முன்னே, எழுத்து பின்னே. யூனிகோடு வந்தபோது அது மாறியது. 1991-இல் வந்த அதன் முதல் பதிப்பு, இந்திய மொழிகளுக்கான இஸ்கி தரத்தை அடியொற்றித் தமிழை வைத்தது. அதில் வாயின் வரிசைதான் சட்டம். ‘க’ முதலில் சேமிக்கப்படும், கொம்பு அடுத்து. திரையில் வரையும்போது மட்டும் கொம்பு முன்னால் வந்து நிற்கும். நம் வடக்கே இருக்கும் தாய்லாந்துக்காரர்களின் எழுத்திலும் இப்படி முன்னால் நிற்கும் உயிர்க்குறிகள் உண்டு. அவர்களுடைய பழைய தரம் கண்ணின் வரிசையில் இருந்ததால் யூனிகோடும் அவர்களுக்கு அதையே வைத்துக்கொண்டது. இரண்டுமே சரிதான். ஆனால் தமிழுக்கு இரண்டும் நடந்துவிட்டதால், பழைய கோப்பிலிருந்து புதிய கோப்புக்கு வர ஒவ்வொரு கொம்பும் ஒரு எழுத்தைத் தாண்டிக் குதித்தாக வேண்டும்.

இதெல்லாம் எனக்கு எப்போது தேவைப்பட்டது என்றால், எங்கள் தோட்டத்துப் பழைய ஆள்கள் சேர்ந்து ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு ஆரம்பித்த பிறகு. ஒருவர் பழைய மலரின் கோப்பைத் தேடி எடுத்து, யாரிடமோ கொடுத்து மாற்றி, நன்கொடைப் பட்டியலைக் குழுவில் போட்டார். பெயர்கள் எல்லாம் இருந்தன. ஆனால் கொம்புகள் அநாதையாய் நின்றன. புள்ளி வட்டத்தைத் தாங்கிய ஒரு கொம்பு, பக்கத்தில் தனியாக ஒரு ‘ச’. செல்லம்மா என்ற பெயரை யாராலும் வாசிக்க முடியவில்லை. எழுத்தை யூனிகோடாக்கியவர் வரிசையை மாற்றாமல் விட்டிருந்தார்.

ஜொகூர் பாருவில் கணினி வேலை பார்க்கும் அக்கா மகன் தீபாவளிக்கு வந்திருந்தான். அவனிடம் காட்டினேன். “நூற்றுக்கணக்கான பெயர்டா, உட்கார்ந்து திருத்தினா அடுத்த தீபாவளி வந்திரும்” என்றேன்.

“திருத்த வேணாம் மாமா. ஒரு வரி போதும்” என்று நோட்பேட் பிளஸ் பிளஸ்ஸைத் திறந்து, தேடு-மாற்று பெட்டியில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற பொத்தானைத் தேர்ந்து, தேட வேண்டிய இடத்தில் இதை எழுதினான்:

([ெேை])([க-ஹ])

மாற்ற வேண்டிய இடத்தில் இதை:

\2\1

“சதுர அடைப்புக்குள்ள மூணு கொம்பு. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா போதும்னு அர்த்தம். அடுத்ததுல க-விலேருந்து ஹ வரைக்கும் எந்த எழுத்தா இருந்தாலும் சரி. சுத்தி வளைவு அடைப்பு போட்டிருக்கேன் பாருங்க, அதுதான் விஷயம். முதல் அடைப்புல சிக்கினது ஒண்ணு, ரெண்டாவதுல சிக்கினது ரெண்டு. கீழ ரெண்டை முன்னாடி எழுதச் சொல்றேன், ஒண்ணைப் பின்னாடி. அவ்ளோதான்.”

தோட்டத்துக் காலைப் பெரட்டில் ஆள்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நீ அங்கே நில், நீ இங்கே நில் என்று கங்காணி வரிசை மாற்றுவதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அதேதான். ஆளும் மாறவில்லை, எண்ணிக்கையும் மாறவில்லை, நிற்கும் இடம் மட்டும் மாறியது. செல்லம்மா செல்லம்மாவானார்.

ஆனால் அந்த ஒரு வரி முழு விடை அல்ல. அதைப் பிறகு பல மாலைகள் இருவரும் போனில் பேசிப் பேசித்தான் கண்டுகொண்டோம். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஒவ்வொரு சிக்கலும் ஐயாவின் கேஸுக்குள் ஏற்கெனவே இருந்த சிக்கல்.

முதலாவது, மூன்று காய் எழுத்துகள். ‘கோ’ என்பது கொம்பு, க, கால். கொம்பை மட்டும் முதலில் தாண்ட வைத்துவிட்டால், ‘கே’யும் ஒரு காலும் தனித்தனியாகப் பக்கத்தில் நிற்கும். திரையில் பார்த்தால் ‘கோ’ என்றே தெரியும், கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. யூனிகோடு தரமும் இரண்டையும் சமமென்றே சொல்கிறது. ஆனால் அந்தச் சமத்தைப் பார்க்காமல் தேடும் மென்பொருள்கள் பல. அவற்றில் ‘கோவிந்தன்’ என்று தட்டினால், கண்ணெதிரே இருக்கும் கோவிந்தன் கிடைக்க மாட்டார். தாத்தாவின் பெயரைத் தேடும் பேத்திக்கு அவர் பட்டியலிலேயே இல்லை என்று கணினி சொல்லிவிடும். ஆகவே ஒற்றைக் கொம்பு, எழுத்து, கால் என்ற மூன்றையும் முதலில் பிடித்து ஒரே ‘ொ’ குறியாக்க வேண்டும், இரட்டைக் கொம்போடு வருவதை ‘ோ’ ஆக்க வேண்டும். அதற்குப் பிறகே எஞ்சிய கொம்புகளுக்குக் கைவைக்க வேண்டும். எதை முதலில் செய்வது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

இரண்டாவது, வெள்ளி. பழைய தட்டச்சர்கள் ‘கௌரி’யை அடிக்கக் கொம்பு, க, அப்புறம் சாதாரண ‘ள’ அடிப்பார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. அதைச் சரிசெய்ய, கொம்பு-எழுத்து-ள என்று வருவதையெல்லாம் ‘ௌ’ ஆக்கு என்று ஒரு கட்டளை எழுதினால், கௌரி சரியாகிவிடுவாள். பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிற ‘வெள்ளி’ என்ன ஆகும்? அதுவும் கொம்பு, வ, ள என்றுதானே தொடங்குகிறது! ‘வௌ’ என்று ஆகி, பின்னால் ஒரு புள்ளி தொங்கும். மலரின் முதல் பக்கத்திலேயே இருக்கும் ‘வெளியீடு’ம் அதே கதி. அக்கா மகன் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தான்:

ெ([க-ஹ])ள(?![ாிீுூ்])

கடைசியில் கேள்விக்குறியும் வியப்புக்குறியும் போட்ட அடைப்பு எதையும் பிடிப்பதில்லை. முன்னால் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. ‘ள’வுக்குப் பின்னால் காலோ மேல்விலங்கோ கீழ்விலங்கோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ‘ள’, தொடாதே என்று சொல்கிறது. வெள்ளியில் புள்ளி இருக்கிறது, வெளியீட்டில் மேல்விலங்கு இருக்கிறது. இரண்டும் தப்பின. கௌரியில் எதுவும் இல்லை, அவள் மாறினாள். இத்தனை வருஷம் தமிழ் படித்தும், ஒரு ‘ள’ எப்போது ‘ள’வாக இருக்கிறது என்று நான் அன்றுதான் யோசித்தேன்.

மூன்றாவது, கோயில் மலர் என்பதால் வந்தது. ‘க்ஷேத்திரம்’ என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். ஐயாவின் கேஸில் ‘க்ஷ’ ஒரே காய். யூனிகோட்டிலோ அது க, புள்ளி, ஷ என்று மூன்று. ‘க முதல் ஹ வரை ஏதாவது ஓர் எழுத்து’ என்று சொன்னால், கொம்பு ‘க’வை மட்டும் தாண்டி நடுவில் சிக்கிக்கொள்ளும். அதனால் ‘க்ஷ’ அல்லது ஓர் எழுத்து என்று சொல்ல வேண்டும். அதிலும் நீளமானதை முன்னால் சொல்ல வேண்டும், (க்ஷ|[க-ஹ]) என்று. இடமிருந்து வலமாகப் பார்த்து முதலில் பொருந்துவதை எடுத்துக்கொள்வது இந்தத் தேடலின் இயல்பு.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற இந்தக் கருவி எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அவன் சொன்ன கதை இன்னொரு வியப்பு. ஸ்டீபன் கிளீனி என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1951-இல் நரம்பணுக்களின் வலைப்பின்னல் எதை எதை அடையாளம் காண முடியும் என்று ஆராயப் போய் உருவாக்கிய குறியீடு அது. 1968-இல் கென் தாம்சன் அதைக் கணினியில் உரை தேடும் முறையாக்கினார். பெல் ஆய்வுக்கூடத்தில் 1970-களில் வளர்ந்த யூனிக்ஸின் ‘எட்’ எடிட்டரிலேயே, வரியின் துண்டுகளைப் பிடித்து ஒன்று, இரண்டு என்று சொல்லி இடம் மாற்றி எழுதலாம். மூவாரில் ஐயா கொம்பையும் ‘க’வையும் ஈயத்தில் கோத்துக்கொண்டிருந்த அதே வருஷங்கள்.

பட்டியல் வாசிக்கும்படி ஆன பிறகு ஆசை கூடியது. இளைஞர்கள் தங்கள் குடும்பத்தார் பெயர்களை அடையாள அட்டையில் இருப்பதுபோல எழுதி அனுப்பினார்கள்: முனியாண்டி ஏ/எல் சின்னசாமி, லட்சுமி ஏ/பி ராமன் என்று. மகனுக்கு ஏ/எல், மகளுக்கு ஏ/பி. மலரிலோ அந்தக்கால வழக்கப்படி அப்பா பெயர் முன்னால்: சின்னசாமி முனியாண்டி. இரண்டையும் ஒப்பிட ஒரே வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். இம்முறை நானே எழுதினேன்:

^(.+) ஏ/(எல்|பி) (.+)$

மாற்று: \3 \1. வரியின் தொடக்கத்திலிருந்து ஏ/எல் வரை ஒன்று, ‘எல்’ஆ ‘பி’யா என்பது இரண்டு, அதற்குப் பின் வரிமுடியும்வரை மூன்று. மூன்றை முன்னே கொண்டுவந்து, ஒன்றைப் பின்னே வைத்தால் மலரின் வரிசை. என்டர் தட்டியதும் பக்கம் முழுக்க அப்பாக்கள் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். எங்கள் பெற்றோர் காலத்தில் ஒருவரை ‘இன்னார் மகன் இன்னார்’ என்றுதான் சபையில் அறிமுகம் செய்வார்கள். அடையாள அட்டை அதைத் திருப்பிப் போட்டது. எனக்குப் பழைய வரிசைமேல் பிரியம் அதிகம், மறைக்கவில்லை.

பிறந்தநாளும் அப்படியே. நம் அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி, ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில். மூத்தவர்களுக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் பட்டியல் போட நினைத்த குழுவின் பொருளாளர், 590814 என்று இருப்பதை 14-08-59 ஆக்க வேண்டும் என்றார். ([0-9][0-9]) என்ற அடைப்பை மூன்று முறை எழுதி, \3-\2-\1 என்று திருப்பிக் கொடுத்தேன். “இவ்வளவுதானா?” என்றார். இவ்வளவுதான்.

இதே கொம்பு தாண்டும் வேலையைப் பெரிய அளவில் செய்தவர்கள் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 தைப்பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை முதலில் திஸ்கி போன்ற பழைய குறியாக்கங்களில்தான் சேர்த்தது. பிறகு அவை யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. அந்த நூல்களை இன்று கைபேசியில் தேட முடிகிறது என்றால், ஒவ்வொரு கொம்பையும் யாரோ அக்கறையோடு அதன் எழுத்துக்குப் பின்னால் அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இலக்கியத்தைக் காக்க அறிஞர்கள் வந்தார்கள். 5 வெள்ளி நன்கொடையாளர்களைக் காக்க நாம்தான் இருக்கிறோம்.

இதை எழுதும்போது குழுவில் மலாக்காவிலிருந்து ஒரு பெண் பேசியிருந்தார். பட்டியலில் தன் தாத்தா பெயரைத் தட்டித் தேடியிருக்கிறார். தோட்டத்தின் பெயரோடும் கொடுத்த தொகையோடும் வந்தது. “எங்க வீட்டுல அவர் போட்டோகூட இல்ல அண்ணே, எந்தத் தோட்டம்னே எங்களுக்குத் தெரியாது” என்றார். தெரிந்த இரண்டு மூத்தவர்களின் எண்ணைக் கொடுத்தேன்.

இன்னும் பல மலர்கள் இருக்கின்றன. கோயில் அலமாரிகளில், மூடிய அச்சகங்களின் பழைய கணினிகளில், வட்டுகளில், தமிழ்ப்பள்ளி விழாக் கோப்புகளில். கோப்பு வைத்திருப்பவர்கள் எழுத்துருவையும் சேர்த்து அனுப்புங்கள், அல்லது அதன் பெயரையாவது எழுதி வையுங்கள். எழுத்துரு தெரிந்தால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம். அச்சுப் பிரதி மட்டும் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள், தட்டச்சு செய்ய ஆள் இருக்கிறது. அடுத்ததாக எங்கள் கையில் இருப்பது ஒரு தோட்டப் பள்ளியின் ஆண்டு மலர். பாமினியில் இருக்கிறது. மாணவர் பெயர்ப் பட்டியலை இந்த வார இறுதியில் தொடங்குகிறோம்.